சட்டைப் பையில் மூன்று திருப்புளிகள்

நாயிஃபின் வீட்டுக் கராஜில் ஷௌகிக்கென்று ஓர் இடம் இருந்தது. பைக்குக்கு வலது பக்கம், கவிழ்த்துப் போட்ட ஆப்பிள் பெட்டி. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து பெட்டியின் நடுப்பலகை கீழே வளைந்திருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் உள்ளே நுழைந்தபோது அந்தப் பெட்டியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

"வாடா ஷௌகி," என்றான் நாயிஃப். "யாருன்னு தெரியுதா? லபீப். நம்ம இக்ராமோட அண்ணன். இருபத்தேழு வருஷம் கழிச்சு கராகஸ்லேருந்து ஐயாவுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கு."

இக்ராம் நாயிஃபின் மனைவி. லபீப் எழுந்து ஷௌகியை அணைத்து மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டான். பிறகு இயல்பாகப் பின்னால் நகர்ந்து மறுபடி அதே பெட்டியில் உட்கார்ந்துகொண்டான்.

"நிக்காதடா. அந்த வாளியை இழுத்துப் போட்டுக்க," என்றான் நாயிஃப்.

பெயின்ட் வாளி. ஷௌகி அதில் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் பின்சக்கரம்தான் தெரிந்தது.

வண்டியைக் கண்டுபிடித்தவனே அவன்தான். ஷௌகி ஆலெய் நகரில் தையல் இயந்திரங்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ராஷயா பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்கு மெஷின் பார்க்கப் போனபோது, கொட்டகையின் மூலையில் வைக்கோலுக்கு அடியில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கோழி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. எழுபத்திரண்டாம் வருஷத்து ஹோண்டா முந்நூற்றைம்பது. இரட்டை சிலிண்டர். டேங்க் முழுக்கக் கோழி எச்சம், சீட்டுக்குள் முட்டைகள். "தூக்கிட்டுப் போனா கோழிக்கு இடமாகும்," என்று பண்ணைக்காரர் கையை உதறினார். ஷௌகியின் வீடோ குறுகலான படிக்கட்டுக்கு மேலே இருந்தது. நாயிஃபின் வீட்டுக்குக் கீழே கராஜ் இருந்தது, பிக்கப் வண்டியும் இருந்தது. அப்படித்தான் அது நாயிஃபின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று பிக்கப்பில் திரும்பும்போதே நாயிஃப் சொல்லிவிட்டான்: "ஓட ஆரம்பிச்சதும் முதல் சவாரி பாரூக் தேவதாருக் காட்டுக்குத்தான். நான் முன்னால, நீ பின்னால. பதினெட்டு வயசுல போனோமே, அது மாதிரி."

ஷௌகி அதைப் பத்திரமாக மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டான். மனைவி நஹ்லாவிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்தில் அந்தக் கராஜில் என்னவெல்லாம் நடந்தது. டேங்கில் துரு எடுக்கத் திராட்சை வினிகரும் சரளைக்கல்லும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தோள் கழன்றுவிழும்வரை குலுக்கினார்கள். சீட்டுக்கு ஷௌகியே உறை தைத்தான். இஞ்சினின் இடப்பக்க மூடியைக் கழற்றும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. மூடியைப் பிடித்திருந்த ஸ்டார் திருகுகள் முப்பது வருஷமாக அசையாமல் இருந்தவை. நாயிஃப் தன் திருப்புளியால் ஒன்றைத் திருகிப் பார்த்தான். வழுக்கியது. ஷௌகி தன் சிவப்புப் பிடித் திருப்புளியை வைத்தான், சுத்தியலால் மேலே ஒரு தட்டு தட்டினான், மணிக்கட்டைத் திருப்பினான். திருகு வெண்ணெயிலிருந்து வருவதுபோல வந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும்.

"உன் கையில என்னமோ இருக்குடா," என்றான் நாயிஃப்.

கையில் ஒன்றும் இல்லை. ஜப்பான்காரர்களின் ஸ்டார் திருகுக்குப் பள்ளத்தின் வார்ப்பு கொஞ்சம் வேறு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் மற்ற திருப்புளிகள் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறி, திருகின் தலையைத் தின்றுவிடும். ஷௌகியின் கடைக்கு வரும் மெஷின்களில் பாதிக்குமேல் ஜப்பான் சரக்கு. அதற்கேற்ற மூன்று திருப்புளிகளை அவன் இருபது வருஷமாக வைத்திருந்தான். இதை நாயிஃபிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன்னைப் பற்றி யாராவது அப்படி வியந்து சொல்லி வெகுநாளாகியிருந்தது. நாயிஃப் ஊரெல்லாம் சொன்னான், 'அவன் கை பட்டா போதும்' என்று. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வேலைக்கு நடுவில் மத்தே என்ற கசப்பு இலைப் பானம் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன அடுப்பில் கெண்டி, சுரைக்குடுக்கையில் இலை, எல்லோருக்கும் ஒரே உறிஞ்சுகுழல். நாயிஃப்தான் ஊற்றுவான். குடித்துத் திருப்பிக் கொடுத்தால் நிரப்பி அடுத்தவருக்குத் தருவான். வெளியாள் யாராவது வந்தால், தட்டில் கிடக்கும் எலுமிச்சைத் தோலை எடுத்துக் குழலின் வாயை ஒரு துடைப்பு துடைத்துத்தான் கை மாற்றுவான். அது சுத்தம், மரியாதை. ஷௌகிக்கும் அவனுக்கும் நடுவில் அந்தத் தோல் ஒரு நாளும் வந்ததில்லை.

லபீபுக்கு வந்தது. வாளியில் உட்கார்ந்திருந்த ஷௌகிக்கு அந்த முதல் ஞாயிறன்று கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் நாயிஃப் தோலை எடுத்தான், துடைத்தான், கொடுத்தான். ஷௌகி எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு முறை.

லபீபை வெறுக்க ஷௌகி நிறைய உழைக்க வேண்டியிருந்தது. நல்ல மனுஷன். கராகஸில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவன். வெல்வெட் உறைபோட்ட பெட்டியில் பளபளவென்று அமெரிக்கச் சாமான்கள் கொண்டுவந்திருந்தான். கார்புரேட்டருக்கு எந்த ஊசி வேண்டும், அதை ஜப்பானில் யாரிடம் வரவழைக்கலாம் என்று போனிலேயே கண்டுபிடித்தான். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். கை கழுவும்போதுகூட நாயிஃபின் கைக்கு முதலில் சோப்பைக் கொடுத்தான். இடுப்பு வலியோடு தரையில் முட்டி போட்டு வேலை செய்தான். இதில் எதைப் பிடித்துக்கொண்டு ஒருவனை வெறுப்பது?

ஆனால் ஜூலை மாதம் ஒரு நாள் லபீப் சீட்டைத் தட்டியபடி கேட்டான்: "இதுக்குள்ள கோழி முட்டை போட்டுச்சாமே?"

"போட்டுச்சு," என்றான் நாயிஃப். "ஷௌகி அதை அவிச்சுத் தின்னான். அதுலேருந்துதான் காலையில கொக்கரக்கோன்னு எந்திரிக்கிறான்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷௌகியும் உதட்டை இழுத்து வைத்தான். அது அவனுக்கும் நாயிஃபுக்கும் மட்டுமேயான கேலி. இரண்டு வருஷமாக அந்தக் கராஜுக்கு வெளியே போகாதது. இப்போது யாரோ ஒருவன் அதைக் கையிலெடுத்து, தட்டிப் பார்த்து, தனதாக்கிக்கொண்டான்.

வீட்டில் நஹ்லா கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை வந்தா குளிச்சுட்டுப் பறப்பியே. இப்ப என்ன சோபாவுல ஒட்டிக்கிட்ட?"

"போறேன் போறேன்."

"சண்டையா?"

"சண்டை போடுற அளவுக்கு அங்க எனக்கு என்ன இருக்கு," என்றான். அதைக் கேட்டு அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆகஸ்ட் நடுவில் இஞ்சின் முதல் தடவையாகச் சத்தம் எழுப்பியது. எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் வலப்பக்கத்துக் கிளட்ச் மூடியிலிருந்து எண்ணெய் சொட்டியது. லபீப் புது பேக்கிங் வரவழைத்தான். அடுத்த ஞாயிறு மூடியைக் கழற்றிப் பேக்கிங் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அதற்கடுத்த வியாழன் லபீபுக்கு விமானம்.

பத்து ஸ்டார் திருகுகள். ஷௌகி அந்த வாரம் முழுக்க அந்தப் பத்தையும் மனதில் கழற்றிக்கொண்டே இருந்தான். ஒரு தட்டு, ஒரு திருப்பு. லபீப் வாயைப் பிளப்பான். நாயிஃப் சொல்வான், 'பாத்தியா மச்சான், அவன் கையில என்னமோ இருக்கு.' ஞாயிறு காலை மூன்று சிவப்புப் பிடித் திருப்புளிகளையும் வேலைச் சட்டையின் உள்பையில் செருகிக்கொண்டு கிளம்பினான். கராஜ் வாசலில் ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டு உள்ளே போனான்.

மத்தே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. லபீப் குடித்துவிட்டுக் குடுக்கையை நீட்டினான். நாயிஃப் வாங்கினான், நீர் ஊற்றினான், அப்படியே தன் வாயில் வைத்து உறிஞ்சினான்.

ஷௌகி தட்டைப் பார்த்தான். எலுமிச்சைத் தோல் ஓரம் சுருண்டு காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

"ஷௌகி, ஒண்ணு யோசிச்சேன்," என்றான் நாயிஃப். "லபீப் வியாழக்கிழமை போயிடுவான். அதனால புதன்கிழமை முதல் ரவுண்டு அவனைக் கூட்டிட்டு பாரூக் போயிட்டு வந்துடறேன். நமக்கென்ன, வருஷம் பூரா இருக்கு."

"ஆமா," என்றான் ஷௌகி. "நமக்கென்ன."

குடுக்கை அவன் கைக்கு வந்தது. சுடுகிறதா ஆறிவிட்டதா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை.

லபீப் வெல்வெட் பெட்டியிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து வண்டியின் வலப்பக்கம் முட்டி போட்டான். ஷௌகியின் கை தானாகச் சட்டைக்குள் போனது. விரல் பிடியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

முதல் திருகு. கரக்.

அந்தச் சத்தம் ஷௌகிக்குத் தெரியும். தன் கடையில் யாராவது அப்படிச் செய்தால் பல் கூசும். இப்போதும் கூசியது. கையைச் சட்டையிலிருந்து வெறுமையாக வெளியே எடுத்தான்.

இரண்டாவது. லபீப் முழு எடையையும் போட்டு அழுத்தினான். கரக். தலையில் இருந்த கூட்டல்குறி மழுங்கி ஒரு குழியாகிவிட்டது.

"ரொம்ப இறுகிக் கிடக்குது," என்றான் லபீப், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி.

நாயிஃப் திரும்பினான். "ஷௌகி, நீ ஒரு கை பாக்குறியா?"

"அவரே பாக்கட்டும். நல்ல சாமான்லாம் அவர்கிட்டதானே இருக்கு."

நாயிஃப் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான்.

மூன்றாவதும் மழுங்கியது. லபீப் உளியும் சுத்தியலும் எடுத்தான். திருகின் ஓரத்தில் உளியை வைத்து இடப்பக்கமாக அடித்துச் சுழற்றப் பார்த்தான். ஓர் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் உளி நழுவியது. மூடியின் விளிம்பிலிருந்து அலுமினியத் துண்டு ஒன்று, வெட்டிய நகம் போல, சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

கெண்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

லபீப் அந்தத் துண்டை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டான். "கெடுத்துட்டேன் நாயிஃப். ரெண்டு வருஷ வேலையைக் கெடுத்துட்டேன்."

"விடு மச்சான். கோழிங்க பண்ணாததையா நீ பண்ணிட்ட."

அந்த மூடியை ஷௌகியே மூன்று ஞாயிறு தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். தன் முகம் தெரியும்வரை. சட்டென்று எழுந்தான்.

"வீட்டுல ஒரு திருப்புளி இருக்கு. எடுத்துட்டு வரேன்."

தெருவில் இறங்கி நடந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் உள்பையில் மூன்று திருப்புளிகளும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. தெருவே கேட்கும்போல இருந்தது. வீட்டில் நஹ்லா கத்திரிக்காய்க்கு வால்நட் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அதுக்குள்ள?"

"ஒரு சாமானை மறந்துட்டேன்."

உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்தான். மூடினான். அந்தச் சத்தமாவது நிஜமாக இருக்கட்டும் என்று.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றான்.

திரும்பி வந்து மீதி ஏழு திருகுகளில் ஆறைக் கழற்றினான். ஒரு தட்டு, ஒரு திருப்பு. ஒவ்வொன்றும் சொன்னபடி கேட்டது. நாயிஃப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஷௌகி காத்திருந்தான். ஆறு முறை காத்திருந்தான்.

"கடைசியை நான் பாக்கலாமா?" என்று கேட்டான் லபீப்.

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. லபீப் அவன் செய்ததைப் போலவே தட்டித் திருப்பினான். திருகு எழுந்து வந்தது. லபீப் திருப்புளியின் முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"இது வேற மாதிரி இருக்கே."

"ஜப்பான் சரக்கு," என்றான் ஷௌகி.

"அப்போ..." லபீப் நிறுத்திக்கொண்டான். பிறகு தன்னை நினைத்தே சிரித்துக்கொண்டான். "இருபது வருஷம் ஹார்டுவேர் கடை வச்சிருந்தவன், இது தெரியலை பாரு. நான்தான் உன்னைக் கேட்டிருக்கணும் ஷௌகி. தப்பு என்னோடது."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஷௌகி பதிலுக்குப் பத்து திட்டியிருப்பான். இந்த மன்னிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மழுங்கிய மூன்றையும் தலையைத் துளையிட்டு எடுத்து, மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். லபீப் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஜப்பான்ல நம்ம ஆளுகிட்ட இதே மூடி கேக்கறேன். ஆறு வாரம் ஆகும். கெடுத்தவன் சரிபண்ணாம எப்படிப் போறது? டிக்கெட்டைத் தள்ளி வச்சுடறேன்."

அந்த நேரம் பார்த்து இக்ராம் கிஷ்க் என்ற தயிர்க்கோதுமை மாவு தடவிச் சுட்ட ரொட்டித் தட்டோடு படியிறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் ஆறு வாரமா? எந்த ஸ்க்ரூ அது, காட்டு. அதுக்கு ஒரு முத்தம் குடுக்கணும்."

நாயிஃப் மழுங்கிய திருகு ஒன்றை அவள் கையில் வைத்தான். அவள் நிஜமாகவே அதற்கு முத்தம் கொடுத்தாள். ஷௌகி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, மென்றுகொண்டே இருந்தான். வியாழக்கிழமை விமானம் ஏற வேண்டியவனை அவனே பிடித்து உட்கார வைத்திருந்தான்.

அந்த ஆறு வாரமும் விநோதமாகப் போனது. அடுத்த ஞாயிறு ஷௌகி வந்தபோது ஆப்பிள் பெட்டி காலியாக இருந்தது. லபீப் வாளியில் உட்கார்ந்திருந்தான். "அது உன் இடம்னு இக்ராம் சொன்னா. எனக்கு யாரும் சொல்லவே இல்லை," என்றான். ஷௌகி பெட்டியில் உட்கார்ந்தான். வளைந்த பலகை அவனை அடையாளம் கண்டு வாங்கிக்கொண்டது. நாயிஃப், "ரொட்டி எடுத்துக்க ஷௌகி, இன்னும் கொஞ்சம் எடுத்துக்க," என்று உபசரித்தான். முன்பெல்லாம் ரொட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தின்பவன். கோழிமுட்டைக் கேலியும் அதன்பிறகு அந்தக் கராஜில் கேட்கவில்லை.

அக்டோபர் முதல் வாரம் மூடி வந்தது. லபீபும் ஷௌகியும் சேர்ந்தே மாட்டினார்கள். சிவப்புப் பிடித் திருப்புளிகளில் ஆளுக்கொன்று. சனிக்கிழமை காலை வண்டி வெளியே வந்தது. நீல டேங்க், வெள்ளிப் புகைக்குழாய்கள், ஷௌகி தைத்த கறுப்புச் சீட்டு. முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

"ஏறு மச்சான்," என்றான் நாயிஃப்.

லபீப் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இந்த இடுப்போட மலைப்பாதையா? என்னைக் கொன்னுடாதே. ஷௌகி போகட்டும். கண்டுபிடிச்சவன் அவன்தானே."

நாயிஃப் ஷௌகியைப் பார்த்தான். "வா," என்றான்.

ஷௌகி ஏறி உட்கார்ந்தான். கேட்டது கேட்டபடியே கிடைத்திருந்தது. யார் கொடுத்துக் கிடைத்தது என்பதுதான் முதுகில் உறுத்தியது. திரும்பிப் பார்த்தான். கராஜ் வாசலில் லபீப் எண்ணெய்க் கையை உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தான்.

பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஆப்பிள் தோட்டங்கள், சாலையோரம் அடுக்கிய பெட்டிகள், குளிர்ந்த ஊற்றுநீர் வாசனை. வளைவுகளில் நாயிஃப் சாய்ந்தபோது ஷௌகியும் சாய்ந்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சாய்ந்த அதே அளவு. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு பத்து நிமிஷம், பத்தே நிமிஷம், அந்தக் கோடை வரவே இல்லை என்று அவன் நம்பிவிட்டான்.

மேலே தேவதாருக்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார்கள். புது மூடியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. நாயிஃப் தோள்பையைத் திறந்து ஃப்ளாஸ்க், குடுக்கை, இலைப் பொட்டலம் எல்லாவற்றையும் கல்லின்மேல் பரப்பினான். முதல் குடுக்கையை ஊற்றுகிறவனே குடிக்க வேண்டும். குடித்தான். கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கேட்டான்:

"அன்னைக்கு வீட்டுக்கு எதுக்குடா போன?"

"என்னைக்கு?"

"தெரியும் உனக்கு."

"திருப்புளி எடுக்க," என்றான் ஷௌகி.

நாயிஃப் தலையாட்டினான். "காலையில வாசல்ல ஷூ கயிறு கட்டக் குனிஞ்ச. அப்பவே சட்டைக்குள்ள பாத்தேன். மூணு சிவப்புப் பிடி. எடுப்ப, எடுப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வாய விட்டும் கேட்டேன்."

ஷௌகி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெட்டி, வாளி, முட்டைக் கேலி, காய்ந்து கிடந்த தோல். வரிசையாக எல்லாம் நாக்குவரை வந்து, வெளியே சொன்னால் எவ்வளவு அற்பமாக இருக்கும் என்று அங்கேயே நின்றுவிட்டன.

நாயிஃபும் அதற்குமேல் கேட்கவில்லை. குடுக்கையில் நீரை ஊற்றினான். பிறகு பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். பேனாக்கத்தியால் தோலை ஒரு சீவு சீவினான். உறிஞ்சுகுழலின் வாயைச் சுற்றி, அவசரமில்லாமல், ஒரு முழுச்சுற்று துடைத்தான்.

"சூடா இருக்கு. பாத்துக் குடி," என்று நீட்டினான்.

ஷௌகி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். குழலின் நுனி கசந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தான். நாயிஃப் அதை வாங்கிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, தோலை மறுபடி கையில் எடுத்தான்.